ஹாரி பார்ட்சின் இசை நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூர்ப் பகுதியில் நாடகத்திலும் இசையிலும் ஈடுபாடு கொண்ட தமிழர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, உலகின் இசை நாடகங்களை ஒலிப்பதிவாகவும் காணொளியாகவும் கேட்டுப் பார்த்து விவாதித்து வருகிறோம். அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்சின் படைப்புகளை எடுத்துக்கொண்ட பிறகு, புதிதாக வருபவர்கள் ஒரே வகையான கேள்விகளையே மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். கர்நாடக இசை கற்றவர்களும், கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களும், இரண்டையும் அறியாத இளைஞர்களும் எழுப்பிய அந்தக் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹாரி பார்ட்ச் யார்?

1901ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் பிறந்தவர். 1974 செப்டம்பர் 3 அன்று சான் டியேகோவில் இறந்தவர். பெற்றோர் சீனாவில் கிறித்தவ ஊழியம் செய்துவிட்டு, அங்கே அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சிக் காலத்தில் நாடு திரும்பியவர்கள். பிள்ளைப் பருவம் அரிசோனாவின் பாலைவனச் சிற்றூர்களில் கழிந்ததால், தாய் பாடிய சீனப் பாட்டும், அப்பகுதியின் யாக்கி பழங்குடியினரின் பாட்டும், தேவாலயத் துதிப்பாடல்களும் அவருக்கு ஒரே காலத்தில் செவிவழி வந்தன. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கச் சேர்ந்து, நிறைவு செய்யாமலே வெளியேறினார்.

1923இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வு பற்றி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தது அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ‘ச’ முதல் அடுத்த மேல் ‘ச’ வரையுள்ள வீச்சை, ஐரோப்பியப் பியானோ பகுக்கும் 12 சமப் பிரிவுகள் இயற்கையான ஒலி விகிதங்களிலிருந்து விலகியவை என்பதை அறிந்த பின், அவற்றைத் தம் இசையிலிருந்து முற்றிலும் நீக்கினார். தமக்கென ஒரு ஸ்வர வரிசையையும், அதை வாசிக்கத் தாமே செய்த கருவிகளையும், அக்கருவிகள் மேடையில் நிற்க நிகழும் நாடகங்களையும் வாழ்நாள் முழுவதும் படைத்தார்.

முதல்முறை கேட்கும்போது சுருதி சேராதது போல் ஒலிக்கிறதே, ஏன்?

நம் செவி இன்று கீபோர்டுக்கும் திரையிசைக்கும் பழகியிருப்பதே முதன்மைக் காரணம். இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ் வீடுகளில் பலவற்றில் இருக்கும் தம்புராவே போதும். நன்றாகச் சுருதி சேர்த்து, தந்திக்கடியில் ஜீவா நூலைச் சரியாக வைத்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை (கீழ் ‘ச’) மீட்டினால், சற்று நேரத்தில் அந்தர காந்தாரம் (‘க’வின் உயர்ந்த வகை) தானாகவே ஒலிப்பதைக் கேட்கலாம். அதை யாரும் மீட்டுவதில்லை. ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை ஒலியோடு உயர்ந்த ஒலிகள் சிலவும் தாமாக எழும்; அவையே மேலொலிகள். ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது மேலொலியாக அது பிறக்கிறது. ஷட்ஜத்தோடு அதற்குள்ள அதிர்வெண் விகிதம் 5:4. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று அளந்தால் இந்தக் காந்தாரம் 386 சென்ட்டில் நிற்கும். கீபோர்டின் காந்தாரமோ 400 சென்ட்டில், அதாவது 14 சென்ட் மேலே நிற்கிறது. தம்புராவுக்குப் பக்கத்தில் கீபோர்டை வைத்து இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், அந்த வேறுபாடு ஒரு நடுக்கமாகக் காதில் விழும்.

பார்ட்ச் தம்புராவின் காந்தாரத்தின் பக்கம் நின்றவர். ஆனால் அவர் ஐந்தாவது மேலொலியோடு நிற்கவில்லை. ஏழாவது மேலொலியையும் எடுத்துக்கொண்டார். அது நம் கைசிக நிஷாதத்தைவிட (‘நி’யின் தாழ்ந்த வகை) கேட்கும் அளவுக்குத் தாழ்ந்தது. பதினொன்றாவதையும் எடுத்துக்கொண்டார், அது ‘ம’வின் இரு வகைகளான சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறத்தாழ நடுவில், 551 சென்ட்டில் விழுகிறது. கர்நாடக இசை கற்றவர்களுக்குக்கூட இந்த இரண்டும் அந்நியமாகத் தோன்றும். அவற்றைத் தவறான ஸ்வரங்கள் என்று தள்ளிவிடாமல், சில நாட்கள் பழகக் கொடுத்துவிட்டுக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

அவருடைய ஸ்வர வரிசையில் 43 ஸ்வரங்கள் என்கிறார்களே, அந்த எண் எப்படி வந்தது?

1, 3, 5, 7, 9, 11 ஆகிய ஆறு ஒற்றை எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்றொன்றால் வகுத்து, கிடைக்கும் விகிதங்களை ஒரே ஸ்தாயிக்குள் கொண்டுவந்தால் ஒன்றுக்கொன்று வேறுபட்ட 29 விகிதங்கள் கிடைக்கும். அவற்றை அவர் சாய்சதுர வடிவில் அடுக்கினார். ஒரு மூலையிலிருந்து பார்த்தால் மேலொலிகளின் கோவைகளும், மறு மூலையிலிருந்து பார்த்தால் அவற்றின் தலைகீழ் வடிவங்களும் தென்படும். மரிம்பா என்பது மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி. 1946இல் அவர் செய்த வைர மரிம்பாவின் மரக்கட்டைகள் இதே சாய்சதுரமாகவே அடுக்கப்பட்டுள்ளன; கோட்பாட்டு வரைபடமே வாசிக்கக்கூடிய கருவியாயிற்று.

இந்த 29க்கும் இடையே சில இடங்களில் பெரிய இடைவெளிகள் இருந்தன. அவற்றை நிரப்ப மேலும் 14 விகிதங்களைச் சேர்த்தார். கூட்டினால் 43. ஆகவே இந்த எண்ணுக்குள் மறைபொருள் எதுவும் இல்லை; தேவைக்கேற்ப வந்த எண் அது. பார்ட்சைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த 43இலேயே சிக்கி நின்றுவிடுகிறது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

நம்முடைய 22 சுருதிகளும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. ஸ்தாயியை நுண்ணிய ஸ்வர நிலைகளாகப் பகுக்கும் 22 சுருதிகளுக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 3, 5 ஆகிய எண்களால் ஆன விகிதங்களைச் சார்ந்தது. பார்ட்ச் 7, 11 வரை சென்றவர். தமிழ் வாசகர்கள் இங்கே தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை நினைவுகூர வேண்டும். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் அவர் 22 சுருதிக் கணக்கை மறுத்து, சிலப்பதிகாரம் கூறும் பாலை முறைகளைக் கொண்டு, ஸ்தாயியைச் சம இடைவெளியுள்ள 24 சுருதிகளாகப் பகுக்க வேண்டும் என்று நிறுவ முயன்றார். சமப் பகுப்பை வாழ்நாள் எதிரியாகக் கருதிய பார்ட்ச் அந்த முடிவை ஏற்றிருக்கவே மாட்டார். இருந்தாலும், முறையான பதவியோ பட்டமோ துணை நிற்காமல், நூல்களையும் தந்தியையும் செவியையும் மட்டும் நம்பி, ஒரு மனிதர் ஸ்வரத்தின் அடித்தளத்தையே மறுபடி அளக்கத் துணிந்தார் என்ற வகையில் இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பயன் தரும்.

இத்தனை நுண்ணிய ஸ்வரங்கள் அவருக்கு எதற்குத் தேவைப்பட்டன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது மனிதர் பேசும் குரல். நாம் பேசும்போது குரல் ஏறுவதும் இறங்குவதும் பியானோவின் கட்டைகளுக்கு உட்பட்டு நடப்பதில்லை. ஐரோப்பிய ஓபராவில் சொல் மெட்டுக்காக இழுக்கப்படுகிறது, உடைக்கப்படுகிறது, சில இடங்களில் என்ன சொல்கிறார்கள் என்பதே விளங்காமல் போகிறது. மெட்டு சொல்லுக்குப் பணிய வேண்டும் என்று பார்ட்ச் எண்ணினார். பணிய வேண்டுமானால் பேச்சின் சிறுசிறு ஏற்ற இறக்கங்களைப் பிடிக்கும் அளவுக்கு நெருக்கமான ஸ்வரங்கள் வேண்டும். ஸ்வர வரிசை அங்கிருந்துதான் பிறந்தது.

1930 முதல் 1933 வரை அவர் இசையமைத்தவை சீனக் கவிஞர் லி போவின் 17 கவிதைகள். குரலுக்குத் துணையாக ஒரே ஒரு கருவிதான்: வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, நீண்ட கழுத்துப் பொருத்தி மாற்றியமைத்தது. பாடுபவர் பாடுவதாகவும் இல்லை, வெறுமனே படிப்பதாகவும் இல்லை. நம் கூத்தில் வசனமும் விருத்தமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லும் இடத்தில் கேட்கும் குரலுக்கு அது மிக அருகில் வருகிறது. 1934இல் கார்னகி அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் ஐரோப்பா சென்று, டப்ளினில் கவிஞர் யேட்ஸைச் சந்தித்து, பழங்கிரேக்க நாடகமான ஈடிபஸுக்கு யேட்ஸ் எழுதிய ஆங்கில வடிவத்தை இவ்வாறு இசைப்படுத்தும் திட்டத்தை விளக்கினார். யேட்ஸ் ஆர்வத்துடன் வரவேற்றார்.

எழுதியதையெல்லாம் எரித்துவிட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1930இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்தபோது, அதுவரை பழைய முறையில் எழுதியிருந்த தம் படைப்புகளைக் கணப்படுப்பில் இட்டு எரித்தார்.

அவர் சரக்கு ரயிலில் ஊர் சுற்றியவராமே?

1935இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபோது அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் இருந்தது. வேலையில்லை, வீடில்லை. சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற பல்லாயிரம் பேரில் ஒருவராக அவரும் பல ஆண்டுகள் அலைந்தார். அந்த நாட்களிலும் நாட்குறிப்பு எழுதினார். உடன் பயணித்தவர்கள் பேசிய பேச்சின் ஏற்ற இறக்கங்களை இசைக்குறியீட்டில் பதிந்துகொண்டார்.

பார்ஸ்டோ என்ற பாலைவன ஊரின் நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பியில், வண்டிக்காகக் காத்திருந்த வழிப்போக்கர்கள் கிறுக்கிவைத்திருந்த எட்டுக் குறிப்புகளைக் கண்டு, 1941இல் அவற்றையே பாடுபொருளாக்கினார். பசி, முகவரி, திருமண விளம்பரம், அடுத்த வண்டி வருமா என்ற கவலை ஆகியவைதான் அதன் வரிகள். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோ வரை சென்ற தம் பயணத்தை, ரயில் நிலையங்களின் பெயர்களாலும் உடன்பயணிகளின் துண்டுப் பேச்சுகளாலும் ஆன மற்றொரு படைப்பாக 1943இல் எழுதினார். அரசவையும் கடவுளரும் இல்லாமல், சாலையோரத்தில் நிற்பவனின் வாய்ச்சொல் அப்படியே அரங்கப் பாடலாக முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். வேலை தேடி ஜோலார்பேட்டை வழியாக இந்த ஊருக்கு ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகள் பலர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர்கள் இந்தப் படைப்பைக் கேட்கும் விதம் வேறாக இருக்கிறது.

அவருடைய கருவிகளைப் பற்றிக் கூறுங்கள்.

தச்சுவேலை தெரிந்த இசையமைப்பாளர் அவர். பெரும்பாலான கருவிகளைத் தம் கையாலேயே செய்தார். இருபதுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. மேகக் கூடக் கிண்ணங்கள் என்ற கருவியில், பெர்க்லி கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்திலிருந்து கிடைத்த பெரிய கண்ணாடிக் குடுவைகளின் வெட்டப்பட்ட அடிப்பகுதிகளும் மேற்பகுதிகளும் மரச்சட்டத்தில் தொங்குகின்றன. விளிம்பில் மெல்லத் தட்டினால் கோயில் மணிக்கும் நீருக்கும் இடைப்பட்ட ஒரு நாதம் எழும். உடைந்தால் அதே சுருதியில் மற்றொன்று கிடைப்பது அரிது. போரின் கொள்ளைப் பொருட்கள் என்று பொருள்படும் பெயர் கொண்ட கருவியில் பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகள் மணிகளாகத் தொங்குகின்றன. இழை நீக்கிய மின்விளக்குக் குமிழ்களால் ஆன மரிம்பா ஒன்றும், யூகலிப்டஸ் கிளையில் சுரைக்காய்க் குடுவைகளோடு மணிகள் பொருத்திய மரம் ஒன்றும், விமான எரிபொருள் தொட்டியின் முனைகளால் ஆன கூம்பு வடிவச் சேகண்டிகளும் உண்டு.

அவர் செய்த எரோய்கா மரிம்பா என்ற பெரிய கருவியை நேரில் கேட்டவர்கள் அதைக் கேட்டோம் என்பதைவிட உடலில் உணர்ந்தோம் என்றே கூறுவார்கள். அதன் மிகத் தாழ்ந்த பலகை விநாடிக்கு ஏறத்தாழ 22 முறை அதிர்கிறது. மனிதச் செவியின் கீழ் எல்லை ஏறக்குறைய 20 என்பதால், ஒலி தரை வழியாகக் கால்களில் ஏறுகிறது. கைப்பேசி ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் விளக்குகிறேன்: அந்த ஒலி அவர்களை வந்தடையவே இல்லை.

வடிவமும் அவருக்கு முக்கியம். லண்டனில் பழங்கிரேக்க இசை ஆய்வாளர் கேத்லீன் ஷ்லெசிங்கர் செய்துவைத்திருந்த, கித்தாரா என்ற பழந்தந்திக் கருவியின் மாதிரியைப் பார்த்தபின் அவர் உருவாக்கிய கித்தாரா ஆளுயரத்தைத் தாண்டியது. அதை வாசிப்பவர் படியில் ஏறி நின்று, கைகளை விரித்து, உடல் முழுவதையும் அசைத்துத்தான் வாசிக்க முடியும். அந்த அசைவும் இசையின் பகுதி என்று அவர் வற்புறுத்தினார். கருவிகளை மறைவான குழிக்குள் வைக்கும் ஓபரா வழக்கத்தை மறுத்து, அவற்றையே மேடையமைப்பாக நிறுத்தினார். வாசிப்பவர்கள் உடை தரித்து, பாடி, நடித்து, அடவுகளில் கலந்துகொள்ள வேண்டும் என்றார்.

இதற்கு இசைக்குறியீடு எப்படி எழுதினார்?

கருவிக்குக் கருவி வேறுபடும். சிலவற்றுக்கு விகிதங்கள், சிலவற்றுக்குத் தந்தி எண்கள், சிலவற்றுக்கு நிறங்கள். பழைய ஹார்மோனிய வகைக் கருவியை மாற்றிச் செய்த குரோமலோடியனின் கட்டைகளில் நிறமும் விகிதமும் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். கருவி இல்லாமல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இசையைப் படிப்பது கடினம்.

அவருடைய மேடைப் படைப்புகளில் முதன்மையானவை எவை?

ஈடிபஸ் 1952 மார்ச்சில் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் மேடையேறியது. யேட்ஸ் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய வாரிசுகள் தரப்பில் ஒலிப்பதிவு வெளியிட இசைவு கிடைக்கவில்லை. பார்ட்ச் சொற்களை மாற்றி அமைத்து மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. சொல்லுக்காகவே இசை என்று வாழ்ந்தவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1957இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அரங்கேறிய சூனியக்காரியின் நடன நாடகத்தில் வழிதவறிய இசைக்கலைஞர்களே பாத்திரங்கள். 1961இல் அரங்கேறிய மற்றொரு படைப்பில், பழங்கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் பாக்கே நாடகக் காட்சிகளும், கூட்டம் வெறிகொண்டு வழிபடும் தற்கால அமெரிக்கப் பாடகன் ஒருவனின் காட்சிகளும் மாறி மாறி வருகின்றன. திரை நட்சத்திரங்களின் கட்அவுட்டுக்குப் பாலூற்றிய ஊர்களில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்கவே தேவையில்லை.

சிகரம் என்று நான் கருதுவது 1969 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழக அரங்கில் முதன்முதலாக நிகழ்ந்த, சினத்தின் மயக்கம் என்று தமிழில் சுட்டத்தக்க இரு அங்க நாடகம். முதல் அங்கம் ஜப்பானிய நோ நாடக மரபைச் சார்ந்தது: போரில் தான் கொன்ற வீரனுக்காகப் பரிகாரம் தேடி ஒருவன் கோயிலுக்கு வருகிறான், இறந்தவனின் ஆவி தோன்றுகிறது, தந்தையின் முகத்தைக் காண மகனும் வருகிறான், சினம் மூண்டு, சண்டை மறுபடி நிகழ்ந்து, இறுதியில் தணிகிறது. இரண்டாம் அங்கம் ஆப்பிரிக்க நாட்டார் கதையைத் தழுவியது: தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடும் கிழவியும், காது கேளாத நாடோடி ஒருவனும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு சண்டையிட, ஊரார் அவர்களை நீதிபதியிடம் இழுத்துச் செல்கிறார்கள். அவரோ காதும் கேளாதவர், பார்வையும் மங்கியவர். அவர்களைக் கணவன் மனைவியாகவும் ஆட்டுக்குட்டியைக் குழந்தையாகவும் கருதி, ஒற்றுமையாக வீட்டுக்குப் போகச் சொல்கிறார்.

பேச்சிலிருந்து தொடங்கிய கலைஞர், இந்தக் கடைசிப் பெரும் படைப்பில் சொற்களை ஏறத்தாழ முழுவதுமாகக் கைவிட்டார். குரல்கள் பொருளற்ற அசைகளாகவும் முனகலாகவும் கூவலாகவும் மட்டுமே வருகின்றன. பேச்சின் ஏற்ற இறக்கத்தை நாற்பது ஆண்டுகளாகக் கருவிகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதால், இங்கே கருவிகளே பேசிவிடுகின்றன என்பது என் கருத்து.

தெருக்கூத்தோடு இதை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், அளவோடு. கூத்தில் மிருதங்கமும் பெட்டியும் முகவீணையும் வாசிப்பவர்கள் ஆடுபவர்களுக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கவே அமர்ந்திருக்கிறார்கள். பின்பாட்டும் அங்கிருந்தே எழுகிறது. அரசன் வேடக்காரர் பேச்சை விட்டு எந்த இடத்தில் பாட்டுக்கு ஏறினார் என்று கோடு கிழிக்க முடியாது. பார்ட்ச் வேண்டியதும் இதுவே. பெங்களூர் திகளர்பேட்டை தர்மராயசாமி கோயில் கரகத் திருவிழாவில் இரவெல்லாம் ஊர்வலத்தோடு நடந்தவர்களுக்கு, இசையும் உடலும் சடங்கும் பிரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறுபாடு பெரிது. கூத்து ஊரும் குருவும் தலைமுறைகளும் சேர்ந்து காப்பது. பார்ட்சுக்கு அப்படி எதுவும் இல்லை. தனி ஒருவர் ஒரு மரபையே புதிதாகச் செய்ய முயன்றார். அதனால் அவருடைய படைப்பில் ஒரு பிடிவாதமும் தனிமையும் எப்போதும் கேட்கிறது.

பெங்களூரில் இத்தகைய நாடக இசைக்கு முன்னோடிகள் உண்டா?

கன்னட நாடக இயக்குநர் பி. வி. காரந்த் அவர்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சிறுவயதிலேயே சேர்ந்து, காசியில் ஓம்கார்நாத் தாகூரிடம் இந்துஸ்தானி இசை கற்று, பின்னர் டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராகவும் இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் ரவீந்திர கலாக்ஷேத்ராவின் திறந்தவெளியில் அவர் இயக்கிய கன்னட நாடகங்களில் ஈடிபஸும் ஒன்று. மூங்கில், கல், காகிதம் என்று கைக்குக் கிடைத்த பொருட்களிலிருந்து நாடகத்துக்கான ஒலியை எழுப்பியவர். காரந்த் மரபு இசையை உடைக்காமல் விரித்தார். பார்ட்ச் அடித்தளத்தையே மாற்றினார். நடிகரின் குரலே நாடக இசையின் ஊற்று என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

அவர் மீது வைக்கப்படும் விமர்சனங்கள் நியாயமானவையா?

சில நியாயமானவை. பண்டைக் கிரேக்கம், ஜப்பான், ஆப்பிரிக்கா என்று பல மரபுகளைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டார். அந்த மரபுக்குரியவர்களோடு இருந்து கற்றதாகக் கூற முடியாது. ஐரோப்பியச் செவ்வியல் இசை மீது அவர் வைத்த தாக்குதல்கள் சில இடங்களில் அளவு மீறியவை. 1949இல் வெளியிட்ட கோட்பாட்டு நூலைப் படிக்கும்போது அந்தச் சூட்டைப் பொறுத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். தாளம் பல இடங்களில் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருகிறது என்ற குறையையும், நம் லய வளத்தை அறிந்தவன் என்ற முறையில், நான் ஏற்கிறேன்.

இன்று யார் இதை வாசிக்கிறார்கள்?

அவருடைய மூலக் கருவிகள் 2014இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள முசிக்பாப்ரிக் குழு அக்கருவிகளின் முழுத் தொகுதியையும் புதிதாகச் செய்து, ஹைனர் கோபல்ஸ் இயக்கத்தில் 2013இல் சினத்தின் மயக்கம் நாடகத்தை மேடையேற்றியது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் ஷ்னைடர் நடத்தும் பார்ட்ச் குழுவும் தொடர்ந்து வாசிக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? கருவிகள் இல்லாத நாம் என்ன செய்ய முடியும்?

கேட்பதற்கு முதலில் லி போ கவிதைகள், அடுத்து பார்ஸ்டோ வழிப்போக்கர்களின் குறிப்புகள், அதன்பின் சினத்தின் மயக்கத்தின் காணொளி என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன். கடைசிப் படைப்பைக் கண்ணால் பார்க்காமல் கேட்பது பாதிப் பயனே தரும். பார்க்கும்போது நல்ல ஒலிபெருக்கி வேண்டும்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு வீணை இருக்கிறது. அதன் மெட்டுகள் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கட்டைகள்) மெழுகில் பதிந்தவை என்பதால், மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்கத் தெரிந்தவரின் உதவியோடு அவற்றை நகர்த்தி, 7:4, 11:8 ஆகிய விகிதங்களைச் செவியால் சரிபார்த்து நிறுத்த முடியும். வீணை இல்லாதவர்கள், உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இயல்பாகப் பேசுவதை அவர் இசைவோடு பதிவு செய்து, அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தை வயலினிலோ கோட்டுவாத்தியத்திலோ மெட்டாக்காமல் அப்படியே வாசிக்க முயலுங்கள். பெங்களூர்த் தமிழில் கன்னடத்தின் இழுப்பு கலந்து வரும் வாக்கியமாக இருந்தால் இன்னும் நல்லது; அந்த இழுப்பு எந்த ஸ்வரஸ்தானத்திலும் அடங்காது. வாசித்த பதிவுகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், எல்லோரும் சேர்ந்து கேட்டு, விகிதங்களை அளந்து எழுதிக்கொள்ளலாம்.